மாதர் சங்கமா, காப்பீட்டு நிறுவனமா? அமெரிக்கக் கத்தோலிக்கப் பெண்களின் ஆயுள் காப்பீட்டுச் சங்கங்கள் வந்த வழி

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ‘முதல் கத்தோலிக்க ஸ்லோவாக் மாதர் சங்கம்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பெயரைக் கேட்டால் ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு கூடி ஜெபமாலை சொல்லும் பங்கு (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகம்) மாதர் சபை என்றுதான் தோன்றும். ஆனால் அது விற்பது ஆயுள் காப்பீடும், ஓய்வுக்காலத்தில் தவணையாகப் பணம் தரும் அன்யூட்டியும். மாநிலக் காப்பீட்டுத் துறை அதன் கணக்குகளை ஆண்டுதோறும் பார்க்கிறது. பங்குதாரர் என்று ஒருவரும் கிடையாது. கூட்டாட்சி வருமான வரியும் கிடையாது. சேருகிறவர் ஸ்லோவாக்காக, அதாவது மத்திய ஐரோப்பாவின் அந்த இனத்தவராக, இருக்க வேண்டியதில்லை. பெண்ணாகவும் இருக்க வேண்டியதில்லை.

இதே மாதிரி இன்னும் சில சங்கங்கள் உண்டு. அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்கள் பங்கு ஆலயத்தின் வாராந்திர அறிவிப்புத் தாளில் இவற்றின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, இது தர்ம காரியமா, வியாபாரமா, நம்பிப் பணம் போடலாமா என்று குழம்புவது இயல்பு. சட்டத்தின் பார்வையில் இவை ஒரே நேரத்தில் இரண்டும்தான். அந்த விசித்திரமான உருவம் எப்படி வந்தது என்பதற்கு 19ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும்.

## இவை எந்த வகை

அமெரிக்காவில் ஆயுள் காப்பீடு தருகிறவர்கள் மூன்று வகை. பங்குதாரர்கள் முதல் போட்டு லாபம் எடுக்கும் நிறுவனம் ஒன்று. பாலிசிதாரர்களே உரிமையாளர்களாக இருக்கும் பரஸ்பர நிறுவனம் இன்னொன்று. மூன்றாவது, ‘ஃபிரேட்டர்னல்’ எனப்படும் சகோதரத்துவ நலச் சங்கம். மூன்றாவது வகைக்குச் சட்டம் போடும் நிபந்தனைகள் இவை:

1. உறுப்பினர்களின் நன்மைக்காக மட்டுமே இயங்க வேண்டும். நிறுவனப் பங்கு (ஷேர்) வெளியிடக் கூடாது.
2. உறுப்பினர்களை ஏதோ ஒன்று பிணைக்க வேண்டும். அது மதமாக, இனமாக, தொழிலாக இருக்கலாம்.
3. கிளைகள் இருக்க வேண்டும். கிளைகள் முறையாகக் கூட வேண்டும். சடங்கு முறை ஒன்றும் வேண்டும்.
4. கிளை உறுப்பினர்கள் வழியாக வரும் பிரதிநிதிகளே சங்கத்தை ஆள வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் மாநாடுதான் மேலதிகாரம்.
5. உறுப்பினருக்கும் அவர் குடும்பத்துக்கும் இறப்பு, நோய் போன்றவற்றுக்கு உதவித்தொகை தர வேண்டும்.

காப்பீடு விற்க எதற்குக் கிளைக் கூட்டமும் சடங்கும்? இன்று யாருக்கும் இந்தக் கேள்வி வரும். 1870இல் யாருக்கும் வந்திருக்காது.

## ஓர் இறப்புக்கு ஒரு டாலர்

1868இல் பென்சில்வேனியாவின் மீட்வில் நகரில் ஜான் ஜோர்டன் அப்சர்ச் என்ற ரயில்வே மெக்கானிக், ‘ஐக்கியத் தொழிலாளர் தொன்மைச் சங்கம்’ என்று ஒன்றைத் தொடங்கினார். முதலாளியும் தொழிலாளியும் ஒரே கூரையின் கீழ் ஒத்துப்போக வேண்டும் என்பது அவருடைய கனவு. அது பலிக்கவில்லை. சங்கத்தில் சேர ஆள் வேண்டுமே என்று கூடவே ஒரு சலுகை வைத்திருந்தார். அதுதான் நாட்டையே பிடித்துக்கொண்டது. உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் போட வேண்டும். சேர்ந்த தொகை, 2,000 டாலர் வரைக்கும், அந்தக் குடும்பத்துக்குப் போகும்.

நம் ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்களே, அந்த ஏற்பாடுதான். செலவு வரும்போது தலையை எண்ணி வசூலிப்பது. முன்கூட்டியே நிதி சேர்ப்பதில்லை, கணக்குப் பிள்ளை தேவையில்லை, கமிஷன் ஏஜென்ட் தேவையில்லை. சாதாரணத் தொழிலாளிக்கு நாளுக்கு ஒன்றரை டாலர் கூலி கிடைத்தாலே பெரிது என்றிருந்த காலம். அவன் குடும்பத்துக்கு 2,000 டாலர் என்றால் நாலைந்து வருடச் சம்பளம்.

அன்று வேறு வழி என்ன இருந்தது? தொழிற்சாலை விபத்துக்கு இழப்பீடு தரும் சட்டங்கள் 1911க்குப் பிறகுதான் மாநிலம் மாநிலமாக வேரூன்றின. கூட்டாட்சி அரசின் முதியோர் ஓய்வூதியம் 1935இல்தான். பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் நடுத்தர வர்க்கத்துக்கானவை. 1875 முதல் புருடென்ஷியல் நிறுவனம் ஏழைத் தொழிலாளர் வீடுகளுக்கு வாராவாரம் ஆள் அனுப்பி, சென்ட் கணக்கில் வசூலித்துச் சிறு பாலிசிகளை விற்றது. ஈமச் செலவுக்குக் காணும், அவ்வளவுதான். கட்டிய காசில் கணிசமான பகுதி வசூல் செலவிலேயே போனது. வேலை போய்ச் சில வாரம் கட்டத் தவறினால் பாலிசி காலாவதி.

சரி, கிளையும் சடங்கும் எதற்கு? தலைவரி முறை நடக்க வேண்டுமானால் அடுத்தவன் இறப்புக்கு நான் காசு போட வேண்டும். முகம் தெரியாதவனுக்கு யார் போடுவார்? வாரம் ஒருமுறை சந்தித்து, உறுதிமொழி எடுத்து, ரகசிய வார்த்தை சொல்லி உள்ளே போகும் கூட்டம் அந்த நெருக்கத்தை உண்டாக்கியது. இன்னொரு உபயோகமும் இருந்தது. ‘எனக்குக் காய்ச்சல்’ என்று உதவித்தொகை கேட்கிறவன் உண்மையிலேயே படுத்திருக்கிறானா என்று பார்த்து வர நாலு பேர் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார்கள். மோசடியைத் தடுக்க இதைவிட மலிவான ஏற்பாட்டை எந்தப் பெரிய நிறுவனமும் கண்டுபிடிக்கவில்லை.

## கத்தோலிக்கர் ஏன் தனியே போனார்கள்

ரகசிய வார்த்தை, உறுதிமொழி, சடங்கு: இந்த மூன்றும்தான் கத்தோலிக்கருக்குச் சிக்கல். ரகசியச் சடங்குகளோடு இயங்கிய ஃபிரீமேசன் இயக்கத்தைத் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் 1738லேயே கண்டித்துவிட்டார். பதின்மூன்றாம் லியோ 1884இல் அதை இன்னும் கடுமையாகப் புதுப்பித்தார். 1894இல் ‘ஆட் ஃபெலோஸ்’, ‘நைட்ஸ் ஆஃப் பிதியாஸ்’, ‘சன்ஸ் ஆஃப் டெம்பரன்ஸ்’ என்ற மூன்று அமெரிக்கச் சங்கங்களும் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டன. இவை காப்பீட்டையும் உதவித்தொகையையும் வைத்து ஆள் சேர்த்த சங்கங்கள். ஐரிஷ், ஜெர்மன், போலிஷ் கத்தோலிக்கத் தொழிலாளி சாகும்போது குடும்பத்தைக் காக்க அங்கே சேர்ந்தால் திருச்சபையின் கோபத்துக்கு ஆளாக வேண்டும்.

திருச்சபைக்குள்ளேயே அதே வசதியைச் செய்துகொள்வதுதான் எளிய தீர்வு. ‘கத்தோலிக்கப் பரஸ்பர நலச் சங்கம்’ 1876இல் வந்தது. ‘அமெரிக்கக் கத்தோலிக்க நைட்ஸ்’ 1877இல். கனெக்டிகட்டின் நியூ ஹேவன் நகரில் அருட்தந்தை மைக்கேல் மெக்கிவ்னி 1882இல் தொடங்கிய ‘நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்’ இன்றுவரை இவற்றில் ஆகப் பெரியது. அடுத்த ஆண்டே சிகாகோவின் திருக்குடும்பப் பங்கில் ‘கத்தோலிக்க ஃபாரஸ்டர்ஸ் சங்கம்’ பிறந்தது. சடங்குகள் இருந்தன, ஆனால் பங்குத்தந்தைக்கு மறைக்கும்படி எதுவும் இல்லை. ஆன்ம ஆலோசகராக ஒரு குருவும் இருப்பார். உறுப்பினர் பெயரளவுக் கத்தோலிக்கராக இருந்தால் போதாது. நற்கருணை, பாவசங்கீர்த்தனம் போன்ற திருவருட்சாதனங்களைப் பெற்று வாழ்கிறவராக இருக்க வேண்டும்.

இந்தச் சங்கங்களின் கதவு எல்லாக் கத்தோலிக்கருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்பினக் கத்தோலிக்கர்கள் 1909இல் அலபாமாவின் மொபீல் நகரில் ‘நைட்ஸ் ஆஃப் பீட்டர் கிளேவர்’ என்று தனியே தொடங்க நேர்ந்ததற்கு அதுவே காரணம்.

## பெண்கள் ஏன் தனியே போனார்கள்

மேலே சொன்ன சங்கங்கள் பெரும்பாலும் ஆண்களுக்கு. பெண், கணவனின் பாலிசியில் பணம் பெறுகிறவள், அவ்வளவுதான். அந்த உரிமையே தானாக வந்ததல்ல. கணவன் உயிர்மீது மனைவி தன் பெயரில் காப்பீடு எடுக்கலாம், அந்தத் தொகையைக் கணவனின் கடன்காரர்கள் தொட முடியாது என்று நியூயார்க் மாநிலம் 1840இல் சட்டம் போட்ட பிறகே விதவைகளுக்குப் பிடி கிடைத்தது.

பெண்ணின் உயிரையே காப்பீடு செய்வது வேறு விஷயம். காப்பீட்டு உலகம் அதற்கு இரண்டு தடை சொன்னது.

ஒன்று, பிரசவம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட அமெரிக்காவில் ஆயிரம் பிரசவத்துக்கு 6 முதல் 9 தாய்மார் வரை இறந்தார்கள். ஆகவே பல நிறுவனங்கள் பெண்களை மறுத்தன, அல்லது கூடுதல் பிரீமியம் கேட்டன. பயம் ஆதாரமில்லாதது அல்ல. ஆனால் அதே வயதில் சுரங்கத்திலும் உருக்காலையிலும் ரயில்பாதையிலும் ஆண்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பிரசவ வயதைத் தாண்டிய பெண் ஆணைவிட நீண்ட நாள் வாழ்கிறாள் என்பதும் கணக்கில் இருந்தது.

இரண்டாவது தடை, வருமானம். சம்பாதிக்காதவள் இறந்தால் குடும்பத்துக்கு என்ன இழப்பு என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை ஒரு தொழிலாளிக் குடும்பத்தில் போய்க் கேட்டிருக்க வேண்டும். ஆலைக் குடியிருப்புகளில் வாடகைக்கு ஆட்களைத் தங்கவைத்து, அவர்களுக்குச் சமைத்துத் துவைத்துப் போட்டு, குடும்ப வருமானத்தில் கணிசமான பகுதியைச் சம்பாதித்த பெண்கள் ஏராளம். அவள் இறந்தால் அந்த வருமானமும் போகும், பிள்ளைகளை வளர்க்க ஆளும் தேட வேண்டும்.

1890இல் பென்சில்வேனியாவில் ‘கத்தோலிக்க மாதர் நலச் சங்கம்’ தொடங்கியது. 1891இல் சிகாகோவில் ‘கத்தோலிக்கப் பெண்கள் ஃபாரஸ்டர்ஸ் சங்கம்’. 1892இல் கிளீவ்லண்டில் நாம் தொடக்கத்தில் பார்த்த ஸ்லோவாக் மாதர் சங்கம். மூன்று ஆண்டுகளில் மூன்று. 1891 மே மாதம் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை குறித்து வெளியிட்ட சுற்றுமடலும் தொழிலாளரின் பரஸ்பர உதவிச் சங்கங்களை மெச்சிப் பேசியது. எனவே ஆயர்கள் எதிர்க்கக் காரணம் குறைந்தது.

## சிகாகோ: ஒரு தொழிற்சங்கத் தலைவியின் இரண்டாவது வாழ்க்கை

கத்தோலிக்கப் பெண்கள் ஃபாரஸ்டர்ஸை வழிநடத்தியவர் எலிசபெத் ரோஜர்ஸ். அயர்லாந்தில் 1847இல் பிறந்து, கனடாவில் வளர்ந்து, சிகாகோவுக்கு வந்தவர். இரும்பு வார்ப்புத் தொழிலாளியின் மனைவி, பல பிள்ளைகளின் தாய். அன்றைய மிகப் பெரிய தொழிலாளர் அமைப்பான ‘நைட்ஸ் ஆஃப் லேபர்’ சிகாகோ மாவட்டப் பேரவைக்கு 1886இல் தலைவரானார். ஆண் தொழிலாளர்கள் நிறைந்த பேரவை அது. அந்த ஆண்டு ரிச்மண்டில் நடந்த தேசிய மாநாட்டுக்குப் பிறந்து இரண்டு வாரமான கைக்குழந்தையுடன் போனார். குழந்தையை மடியில் வைத்துப் பெண் பிரதிநிதிகளுடன் அவர் எடுத்துக்கொண்ட புகைப்படம் அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் பிரபலம். பொருளாளர் பதவிக்கு நிற்கச் சொன்னபோது மறுத்துவிட்டார்.

1886 மே மாதம் சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் தொழிலாளர் கூட்டத்தில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தத் தொழிலாளர் அமைப்பு சரிந்தது. ரோஜர்ஸ் கொஞ்ச காலம் அச்சகம் நடத்தினார். அப்புறம் பெண்கள் ஃபாரஸ்டர்ஸின் ‘உயர் தலைமை ரேஞ்சர்’ ஆனார். கிளைக்கு ‘கோர்ட்’ என்றும் தலைவிக்கு ‘ரேஞ்சர்’ என்றும் பெயர். பழைய ஆங்கில ஃபாரஸ்டர்ஸ் சங்கங்களிலிருந்து வந்த காட்டுக் காவல் பதவிகள் அவை. 1908 வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

வேலைநிறுத்தத்திலிருந்து காப்பீட்டுக்கு வந்ததைப் பின்வாங்கல் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழிலாளியின் சாவு முதலாளிக்குச் செலவே இல்லாமல் நடந்த நாட்டில், அந்தச் செலவைத் தொழிலாளிக் குடும்பங்களே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. அவர் முன்பு கையாண்ட அதே மக்கள். கிளை, பிரதிநிதி, மாநாடு என்ற அதே அமைப்பு முறை. ஆயுதம்தான் வேறு.

## கிளீவ்லண்ட்: மொழியும் பங்கும்

ஸ்லோவாக்குகளுக்கு அன்று தனி நாடு கிடையாது. ஹங்கேரி அரசின் கீழ் இருந்தார்கள். பள்ளியிலும் அலுவலகத்திலும் ஹங்கேரிய மொழி திணிக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு வந்தும் அந்தப் பகை விடவில்லை. கிளீவ்லண்டின் புனித லாடிஸ்லாஸ் பங்கில் ஸ்லோவாக்குகளும் ஹங்கேரியரும் ஒரே ஆலயத்தைப் பகிர்ந்துகொண்டு சண்டையிட்டார்கள். கடைசியில் ஹங்கேரியர் பிரிந்து தனிப் பங்கு வைத்துக்கொண்டார்கள்.

அங்கே ஸ்லோவாக் மக்களின் ஒழுங்கமைப்பாளர் அருட்தந்தை ஸ்டெஃபான் ஃபுர்தெக். 1890 செப்டம்பரில் ஆண்களுக்காக ‘யெட்னோத்தா’ என்ற கத்தோலிக்க ஸ்லோவாக் ஒன்றியத்தை உருவாக்கினார். 1892 ஜனவரி 1 அன்று அவருடைய ஆதரவோடு அன்னா ஹுர்பன் என்ற பெண்மணியும் இன்னும் சிலரும் புனித லாடிஸ்லாஸ் பங்கில் பெண்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். ‘ஷென்ஸ்கா யெட்னோத்தா’ (மாதர் ஒன்றியம்) என்ற அதன் பெயரே பத்திரிகைக்கும் ஆனது.

காப்பீடு எடுத்தால் மொழி கூடவே வந்தது. கூட்டம் ஸ்லோவாக்கில், வரவு செலவு ஸ்லோவாக்கில், பத்திரிகை ஸ்லோவாக்கில். ஊரில் தன் மொழியில் ஒரு விண்ணப்பம்கூட எழுத முடியாத பெண், இங்கே கிளைச் செயலாளராகித் தன் மொழியிலேயே கணக்குப் புத்தகம் எழுதினாள். கடன் பத்திரங்களை வாங்கலாமா, கிளை நிதியை எங்கே வைக்கலாம் என்று மாநாட்டில் வாதாடினாள். தலைவி, செயலாளர், பொருளாளரை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தாள். ஒஹாயோவிலும் பென்சில்வேனியாவிலும் பெண்கள் அதிபர் தேர்தலில் வாக்களிக்க 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மணமான புலம்பெயர் பெண்ணின் குடியுரிமை கணவனைச் சார்ந்தே இருந்தது. 1922இன் கேபிள் சட்டம்தான் அதைப் பிரிக்கத் தொடங்கியது. ஆக, நாட்டில் வாக்கில்லாதவர்கள் ஒரு நிதி நிறுவனத்தைத் தேர்தல் வைத்து நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் பெண் விடுதலை என்று அவர்கள் பேசவில்லை. பேசியிருந்தால் பங்குத்தந்தை ஆதரித்திருப்பாரா என்பது சந்தேகம். விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் உதவி என்ற மொழியிலேயே எல்லாம் நடந்தது.

## கணக்கு உதைத்த இடம்

இனி வருவது கொஞ்சம் எண் விளையாட்டு. சங்கங்களின் தலையெழுத்தை நிர்ணயித்தது இதுதான் என்பதால் தவிர்க்க முடியாது.

அன்று பரவலாகப் பயன்பட்ட ‘அமெரிக்க அனுபவ இறப்பு அட்டவணை’, ஆயிரம் பேருக்கு ஓர் ஆண்டில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று வயதுவாரியாகச் சொல்லும்: 30 வயதில் 8.43, 50 வயதில் 13.78, 60 வயதில் 26.69, 70 வயதில் 61.99. இப்போது 2,000 பேர் கொண்ட சங்கம் ஒன்றைக் கற்பனை செய்வோம். இறப்புக்கு ஆளுக்கு ஒரு டாலர்.

1. எல்லோரும் 30 வயதினர் என்றால் ஆண்டுக்குச் சுமார் 17 இறப்பு. ஆளுக்கு 17 டாலர்.
2. அவர்களே 50 வயதாகும்போது சுமார் 28 டாலர்.
3. 60 வயதில் சுமார் 53 டாலர்.
4. 70 வயதில் 124 டாலர். அதுவும் அந்தக் கூட்டத்தில் யாரும் சம்பாதிக்காத வயதில்.

தொடக்கத்தில் மலிவு, பிறகு ஏறும் வேகம் பயங்கரம். சங்கத் தலைவர்கள் இதற்குச் சொன்ன பதில் ‘புது ரத்தம்’. இளைஞர்கள் சேர்ந்துகொண்டே இருந்தால் சராசரி வயது கூடாது என்றார்கள். காதுக்கு இனிமை, கணக்குக்கு ஒவ்வாது. இன்று சேரும் இளைஞனும் ஒருநாள் கிழவனாவான். அவனைச் சமன்செய்ய அதைவிடப் பெரிய இளைஞர் கூட்டம் வேண்டும். பிறகு அதைவிடப் பெரியது. அதற்குள் பக்கத்துத் தெருவில் இன்னொரு புதுச் சங்கம் தொடங்கி 17 டாலருக்கே காப்பீடு தரும். 25 வயதுக்காரன் அங்கேதான் போவான். பழைய சங்கத்தில் மிஞ்சுவது வேறு எங்கும் போக முடியாத முதியவர்களும் நோயாளிகளும். வசூல் இன்னும் ஏறும், இன்னும் ஆள் விலகும்.

கற்பனையான ஆபத்து இல்லை இது. 1878இல் பாஸ்டனில் தொடங்கிய ‘அமெரிக்க லீஜன் ஆஃப் ஆனர்’ 5,000 டாலர் வரைக்கும் வாக்குறுதி தந்தது. 1900இல் அதை 2,000 ஆகக் குறைத்தது. வழக்குகள் குவிந்தன. 1904இல் சங்கமே நீதிமன்றப் பொறுப்பாளர் கைக்குப் போனது.

பெண்கள் சங்கங்கள் தாமதமாகப் பிறந்தது இங்கே அதிர்ஷ்டமாகிவிட்டது. ஆண்களின் சங்கங்கள் முட்டிக்கொண்டதைப் பார்க்கும்போது அவற்றின் உறுப்பினர்கள் இன்னும் இளமையாகவே இருந்தார்கள்; திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. இதில் பெண்களின் சிக்கனம், ஒழுக்கம் என்று புகழ் பாடுவது வழக்கம். பாடலாம், ஆனால் பிறந்த தேதிக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

திருத்தம் என்றால் என்ன? சேரும் வயதுக்கேற்ற நிலையான பிரீமியம் வாங்குவது. இளமையில் தேவைக்கு மேல் வாங்கி, மிச்சத்தைக் கையிருப்பு நிதியாக வட்டிக்கு விடுவது. முதுமையில் பிரீமியத்தைக் கூட்டாமல் அந்த நிதியிலிருந்து ஈடுகட்டுவது. சங்கங்களின் கூட்டமைப்பான தேசிய ஃபிரேட்டர்னல் பேரவை 1899இல் தனக்கென இறப்பு அட்டவணை ஒன்றைத் தயாரித்தது. காப்பீட்டு ஆணையர்களும் சங்கங்களும் சேர்ந்து எழுதிய மாதிரிச் சட்டங்கள் 1910இலும் 1912இலும் வந்தன. சங்கங்கள் தங்கள் கடப்பாடுகளை அட்டவணைப்படி மதிப்பிட்டு அறிவிக்க வேண்டும், பற்றாக்குறையைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றன.

இதன் வலி முதியவர்கள் தலையில் விழுந்தது. முப்பது வருடம் குறைந்த கட்டணம் கட்டியவரிடம் திடீரென்று ‘இனி இரண்டு மடங்கு’ என்றால்? ராயல் ஆர்க்கானம் என்ற சங்கத்தில் 1883இல் சேர்ந்த நியூயார்க் உறுப்பினர் ஒருவர் வழக்குப் போட்டார். மாநில நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1915இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. உறுப்பினர் என்பவர் வெறும் வாடிக்கையாளர் அல்ல, சங்கத்தின் அங்கம்; சங்கம் பதிவான மாநிலத்தின் சட்டமும் சங்கத்தின் விதிகளும் எல்லா மாநில உறுப்பினர்களையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பு. சங்கங்கள் பிழைத்தது இந்தத் தீர்ப்பால் என்றே சொல்லலாம். அந்தக் கிழவருக்கு நியாயம் கிடைத்ததா என்பது வேறு.

கையிருப்பு நிதியின் அருமை 1918இல் தெரிந்தது. அந்த ஆண்டின் இன்ஃபுளுயன்சா அமெரிக்காவில் சுமார் 6,75,000 பேரைக் கொன்றது. அதிலும் 20 முதல் 40 வயதினர் அதிகம். மலிவான வயது என்று எந்த வயதை நம்பி அட்டவணை போட்டார்களோ, அந்த வயதே சரிந்தது.

## வரி விலக்கு வந்த கதை, சுருக்கமாக

1909இல் அமெரிக்கா நிறுவனங்கள்மீது வரி விதித்தபோது, கிளை முறையில் இயங்கும் சகோதரத்துவச் சங்கங்களுக்கு விலக்கு அளித்தது. பின்னர் வந்த வருமான வரிச் சட்டங்களும் அதைத் தொடர்ந்தன. இன்று அது வரிச் சட்டத்தின் 501(சி)(8) பிரிவு. அரசு செய்யாத உதவியை இவர்கள் செய்கிறார்கள் என்பது வாதம். வணிகக் காப்பீட்டு நிறுவனங்கள் இதை எப்போதும் முறைத்துத்தான் பார்க்கின்றன. கிளைக் கூட்டத்துக்கு ஆள் வராத காலத்திலும் சங்கங்கள் கிளைகளை விடாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம்: கிளை போனால் விலக்கும் போகும்.

## உறுப்பினர் ஊற்று வற்றியபோது

கணக்கைச் சரிசெய்துகொண்ட சங்கங்களுக்கு அடுத்த சோதனை வெளியிலிருந்து வந்தது. 1912இல் ஈக்விட்டபிள் காப்பீட்டு நிறுவனம் மாண்ட்கோமரி வார்ட் என்ற வணிக நிறுவனத்தின் ஊழியர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே குழுக் காப்பீடு தந்தது. அப்புறம் பல முதலாளிகள் அதைச் செய்தார்கள். 1924இன் குடியேற்றச் சட்டம் கிழக்கு, தெற்கு ஐரோப்பியர் வருகையை வெட்டியது. ஸ்லோவாக் பேசும் புது உறுப்பினர் வருவது கிட்டத்தட்ட நின்றது. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம். 1939 திருத்தத்தில் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை. சங்கங்கள் எதற்காகப் பிறந்தனவோ அதில் பாதியை அரசே எடுத்துக்கொண்டது. உலகப் போருக்குப் பிறகு பேரப்பிள்ளைகள் பங்கு ஆலயத் தெருவை விட்டுப் புறநகருக்குப் போனார்கள். ஆங்கிலம் மட்டுமே பேசினார்கள்.

சங்கங்கள் கதவைத் திறந்தன. கத்தோலிக்கப் பெண்கள் ஃபாரஸ்டர்ஸ் 1966இல் பெயரிலிருந்த ‘பெண்கள்’ என்பதை விட்டு ‘தேசியக் கத்தோலிக்க ஃபாரஸ்டர்ஸ் சங்கம்’ ஆனது. பென்சில்வேனியாவின் மாதர் நலச் சங்கம் ‘விசுவாசக் கிறிஸ்தவ நலச் சங்கம்’ என்று மாறியது, ஆங்கிலத்தில் எல்.சி.பி.ஏ. என்ற முதலெழுத்துகள் மட்டும் மாறாதபடி பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்லோவாக் மாதர் சங்கம் பெயரை மாற்றவில்லை; ஆட்களைச் சேர்க்கும் வட்டத்தை அகலமாக்கியது. சிகாகோவில் 1898இல் பிறந்த போலிஷ் பெண்கள் கூட்டணி 2017இல் அதனுடன் இணைந்தது.

இணைப்புகளுக்குக் காரணம் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். கணினி, கணக்குத் தணிக்கை, ஐம்பது மாநிலங்களின் உரிமம் என்று நிலையான செலவுகள் ஏறியபோது சின்னச் சங்கம் தனியே நிற்பது கட்டுபடியாகவில்லை. சந்தையும் மாறிவிட்டது. இறப்புக்குப் பணம் என்று தொடங்கிய பல சங்கங்களில் இன்று ஓய்வுக்கால அன்யூட்டிதான் பெரிய வியாபாரம்.

## பத்திரம் கையில் இருப்பவருக்கு

இந்த வரலாறு பாலிசியின் சிறு எழுத்துகளில் இன்னும் இருக்கிறது. வாங்க நினைப்பவரும் ஏற்கெனவே வைத்திருப்பவரும் பார்க்க வேண்டியவை மூன்று.

1. திறந்த ஒப்பந்தம். பாலிசி, விண்ணப்பம், சங்கத்தின் சாசனம், விதிகள் எல்லாம் சேர்ந்ததுதான் ஒப்பந்தம். நீங்கள் சேர்ந்த பிறகு திருத்தப்படும் விதியும் உங்களைக் கட்டுப்படுத்தும். தருவதாக உறுதி சொன்ன தொகையை மட்டும் அப்படித் திருத்திக் குறைக்க முடியாது. ஆனால் கையிருப்பு நிதி பற்றாக்குறையானால் உறுப்பினர்கள் தங்கள் பங்கைக் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்ற பிரிவு இருக்கும். கட்டாவிட்டால் அது பாலிசிமீது வட்டியுடன் கடனாக ஏறும். ‘இறப்புக்கு ஒரு டாலர்’ முறையின் மிச்சம் இது.

2. உத்தரவாத நிதி. வணிகக் காப்பீட்டு நிறுவனம் திவாலானால் மாநில உத்தரவாத நிதி குறிப்பிட்ட அளவுவரை ஈடுகட்டும். பெரும்பாலான மாநிலங்களில் சகோதரத்துவச் சங்கங்கள் அந்த ஏற்பாட்டில் இல்லை. எனவே சங்கத்தின் ஆண்டு அறிக்கையில் கடப்பாட்டுக்கு மேல் உபரி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது இங்கே கூடுதல் அவசியம். ஆலய அறிவிப்புத் தாளில் விளம்பரம் வந்திருப்பது நிதி வலிமைக்குச் சான்று அல்ல.

3. பழைய பெயரில் உள்ள பத்திரம். பாட்டியின் பெட்டியிலிருந்து பழைய மாதர் சங்கச் சான்றிதழ் கிடைத்தால் சங்கமே இல்லை என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. இணைப்பின்போது கடப்பாடுகளும் புதுச் சங்கத்துக்குப் போகின்றன. சான்றிதழில் உள்ள பதிவு மாநிலத்தைப் பார்த்து, அந்த மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் கேட்டால் இப்போது யார் பொறுப்பு என்பது தெரியும். சான்றிதழ் எண்ணும் கிளை எண்ணும் கையில் இருந்தால் தேடுவது எளிது; பழைய பதிவேடுகள் பெரும்பாலும் கிளை வாரியாகவே அடுக்கப்பட்டிருக்கின்றன.